பாலனுக்கு ஒரு குடம் வெந்நீர்

எங்கள் மாதா கோயிலில் ஞானோபதேசம் நடத்தும் உபதேசியாருக்கு என்னைக் கண்டாலே பயம். ஏழு வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இதெல்லாம் என்று அப்பாவிடம் இரண்டு முறை முறையிட்டிருக்கிறார். கடவுள் மனுஷனாகப் பிறந்தார், பாவம் ஒன்று நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் நம்மைப் போலவே இருந்தார் என்று ஞானோபதேச வகுப்பில் அவர் சொன்னதும் நான் எழுந்துவிட்டேன்.

"அவருக்கும் சளி பிடிச்சுச்சா ஐயா?"

"பிடிச்சிருக்கும்."

"பேன்?"

"எல்லாந்தான் இருந்திருக்கும். உக்காரு புள்ள."

உட்கார்ந்தேன். அந்த 'எல்லாந்தான்' மட்டும் எனக்குள் உட்காரவில்லை.

அது ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். அடுத்த வீட்டில் அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. தையல் அவளைப் போல யாருக்கும் வராது. அதனால் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற பாலன் இயேசு சுரூபத்துக்கு வருஷா வருஷம் புதுச் சட்டை தைப்பது அவள்தான். அளவு பார்க்க என்று நான்கு நாள் முன்பே சுரூபம் அவள் வீட்டுக்கு வந்துவிடும். முழங்கை நீளம் இருக்கும். சுடாத களிமண்ணில் செய்து வர்ணம் பூசியது. பிள்ளை பெறாதவள் கையில் பாலனைக் கொடுக்கலாமா என்று சில பெண்கள் முணுமுணுத்தார்கள். பங்குச் சாமியார் காதில் போட்டுக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். சுரூபத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த நாலு நாளும் தன் கையை விட்டுப் போய்விடும் என்று அத்தைக்குத் தெரியும். என்னைத் தொடக்கூட விடமாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். ஈரத்தலையோடு அத்தை வீட்டுக்கு ஓடினேன். புதுச் சட்டை தயாராக இருந்தது. பாலன் வெறும் மேலோடு கிடந்தார்.

"குளிக்காமயா அத்தை புதுச்சட்டை போடுவாரு?"

"சுரூபத்துக்கு என்ன புள்ள குளிப்பு?"

"நம்மள மாதிரியேதான்னு உபதேசியார் சொன்னாரே. எல்லாந்தானாம்."

அத்தை சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் பாலனையே பார்த்தாள். பிறகு எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள். குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாளாகியிருந்தது. வீட்டிலிருந்த ஒரே குடம் தண்ணீரையும் அண்டாவில் கவிழ்த்துக் காயவைத்தாள். புறங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தாள். முற்றத்தில் சேலையை ஏற்றிச் செருகிக் காலை நீட்டி உட்கார்ந்து, பாலனைக் கால்களின் மேல் கிடத்தினாள். எண்ணெய் தொட்டு நெற்றியை நீவினாள், மூக்கை எடுத்துவிட்டாள், கை காலை உருவிவிட்டாள். அம்மா என் தம்பியைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அத்தை தள்ளி நின்று பார்ப்பாள். ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை.

"கண்ண மூடிக்க அப்பு, தண்ணி ஊத்தப்போறேன்" என்றாள். ஜெபத்தில் ஆண்டவரே என்கிறவள் இப்போது அப்பு என்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

முதல் செம்பிலேயே கன்னத்துச் சிவப்பு வழிந்தது.

"அத்தை, சாயம் போகுது!"

அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது செம்பு, மூன்றாவது செம்பு. விரல்கள் மழுங்கின, மூக்கு போயிற்று. அண்டா காலியானபோது அவள் மடியில் பாதி சேறும் பாதி கட்டியுமாக ஏதோ கிடந்தது. அதையும் துண்டில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு மெல்ல ஆடினாள். நான் பயந்து அழுதேன்.

"கை தவறி விழுந்துருச்சு சாமி" என்று அன்று மாலை கோயிலில் சொன்னாள், அத்தனை பெண்கள் முன்னாலும். குழந்தை அருமை தெரியாத கை என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். அந்த வருஷம் குடிலில் வைக்கோல் மட்டும் இருந்தது. அடுத்த வருஷம் மதுரையிலிருந்து வேறு பாலன் வந்தார், சட்டை வேறொருத்தி தைத்தாள். அத்தை போய்க் கேட்கவே இல்லை.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தானே ஏற்றுக்கொண்டாள் என்று பல வருஷம் அவளிடம் நன்றியோடு இருந்தேன். என் தலைப்பிள்ளையைக் காலில் போட்டு முதல் செம்பைச் சாய்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டு மண்சுவர் கரையாமல் இருக்கக் கீற்று கட்டுகிறவள் அத்தை. சுடாத மண் தண்ணீர் தாங்காது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துதான் கதவைச் சாத்தியிருக்கிறாள்.