போட்டோ சுருக்கும் கணினியில் மாட்டிக்கொண்டேன்

பாபநாசம் கம்ப்யூட்டர் சென்டரில் இன்று காலை பத்து மணிக்கு ஒரே ஒரு பேக்கேஜை, அதாவது புரோகிராம்கள் ஓடத் தேவையான துணை மென்பொருளை, புதுப்பித்தேன். நெல் இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும், பைத்தான் மொழியில் நான் எழுதிய புரோகிராமுக்கு அது தேவைப்பட்டது. நாளை பள்ளியில் கண்காட்சி.

என் புரோகிராம் ஓடியது. அதே கணினியில் இருந்த கடைக்கார பாயின் புரோகிராம் நின்றுவிட்டது.

விண்ணப்பங்களுக்குப் போட்டோவைச் சுருக்கித் தருகிற புரோகிராம் அது. அதற்கு அதே பேக்கேஜின் பழைய பதிப்புதான் ஒத்துவரும்.

"என்னம்மா பண்ணுன? இன்னைக்குக் கடைசி நாளு, ஆறு பேரு நிக்கிறாங்க!"

பழையதைப் போட்டேன். போட்டோ சுருங்கியது, என்னுடையது படுத்துவிட்டது. எனக்கோ இன்னும் பாதி இலைகளைச் சோதிக்க வேண்டும். ஆள் வந்தால் பழையது, ஆள் போனால் புதியது என்று மாற்றிக்கொண்டே இருந்தேன்.

"சாப்பிட்டுட்டு வரட்டுமா பாய்?"

"நீ போயிட்டா யாரு மாத்துவா? உக்காரும்மா, டீ சொல்றேன்."

வரிசையில் நின்ற ஒரு அக்கா, "என் போட்டோ முடியிற வரைக்கும் எந்திரிக்காத தங்கச்சி" என்று வாசலை மறித்து நாற்காலி போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்குத்தான் இணையத்தில் பைத்தான் கையேட்டை முதலிலிருந்து பொறுமையாகப் படித்தேன். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனிச் சூழல் உருவாக்கி, அதற்குரிய பேக்கேஜ்களை அதற்குள்ளேயே வைக்கலாமாம். சில வரிக் கட்டளைகள்தான். இரண்டும் சண்டையில்லாமல் ஓடின.

பையைத் தூக்கினேன். "இனிமே நான் வேண்டாம் பாய், அதுவா ஓடும்."

பாய் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எப்ப வேணா வாங்க. கம்ப்யூட்டர் பாக்க நம்ம கடையில ஒரு பொண்ணு இருக்கு."

பேக்கேஜைப் புதுப்பிக்கப் போய் வேலைக்குச் சேர்ந்தவர்கள் வேறு யாராவது உண்டா?