நாணயமுள்ளவனின் வாசல்

அந்தத் தொழிற்சாலையில் எனக்கு ஓர் எண் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் யாரோ கூப்பிட்ட மாதிரி இப்போதும் திரும்பிப் பார்ப்பேன்.

திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் பெரிய சாலைக்கும் நடுவே, மண்ணெண்ணெய் டின் செய்கிற இடம். தகரம் வெட்டும் சத்தத்தில் எங்கள் காதுகள் முதலில் மூடின. பற்றவைக்கிற ஆசிட்டின் புகையில் அப்புறம் மூக்கு மூடியது. மிச்சமிருந்தது வாய். அதனால்தானோ என்னவோ அங்கே எல்லோரும் அவ்வளவு பேசினோம்.

எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று ஒவ்வொருவனுக்கும் உண்டு. தொழிலாளர் வாசலில், ரயில் பாதையைப் பார்த்த சந்தில், ஒரு பலகை நிறைய ஆணிகள். ஆணிக்கு ஒரு வில்லை. காலையில் முதல் சங்கு ஊதியதும் ஆணியிலிருந்து எடுத்து, பக்கத்திலிருக்கும் இரும்புப் பெட்டியின் வாயில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். இரண்டாம் சங்கு ஊதினால் வாய்க்குப் பூட்டு; அதற்குள் விழாத எண்ணுக்கு நேரே ஏட்டில் சிவப்பு மை. வில்லை உள்ளே விழுந்துவிட்டால் ஆள் வந்துவிட்டான் என்று பொருள். ஆளைத் தேடிப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

எங்களுக்குள் வேறொரு வழக்கம் இருந்தது. ஒருவனால் வரமுடியாத நாளில் இன்னொருவன் அவன் வில்லையையும் சேர்த்துப் போட்டுவிடுவான். உள்ளே அவன் மேசைக்கு மேலேயிருக்கும் ஆணியில் யாராவது ஒரு சட்டையைக் கழற்றி மாட்டுவார்கள். மேஸ்திரி வந்து கேட்டால், கக்கூஸுக்குப் போயிருக்கிறான். அவன் பங்கு டின்களை மற்ற மேசைகள் பிரித்துக்கொள்ளும். மாலையில் எண்ணினால் டின் குறைந்திருக்காது. இதைத் திருட்டு என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. இதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "போட்ரு மாமு" என்று சொன்னால் போதும்.

ஒருமுறை மூன்று நாள் நான் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் யாருக்கும் எதுவுமில்லை. ராயபுரத்தில் ரயில் ஏறினேன், திருவொற்றியூர் வந்தது, கால் இறங்கவில்லை. வண்டி என்னை எண்ணூருக்குக் கொண்டுபோய்விட்டது. முகத்துவாரத்தில், உப்பங்கழியும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கிற இடத்தில், மணலில் உட்கார்ந்தேன். உள்ளே வருகிற அலை வெளியே போகிற அலைக்கு வழிவிடவில்லை. இரண்டும் நுரையாகி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் கால் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் என் மேசைக்குப் போனால், மேலே ஆணியில் பக்கத்து மேசைக்காரனின் சட்டை. மூன்று நாளும் அவன் பனியனோடு வேலை செய்திருக்கிறான். கடலோரக் குப்பத்துக்காரன், அண்ணன் தம்பிகள் எல்லோரும் கட்டுமரத்தில் போக, அலையில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் இவன். "கடலுக்கு நான் ஆவல, தகரத்துக்கு ஆனேன்" என்பான்.

"எங்க போன நைனா?" என்று அவன் கேட்கவில்லை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"நேத்து ஒரே பேஜாரு. வாட்ச்மேன் பொட்டி கிட்டயே நின்னுகினு கைய பாக்குறான். ரெண்டு வில்லைய ஒண்ணா எப்டி போடறது? உன்னுத மொதல்ல போட்டேன். என்னுத எடுத்துகினு மறுக்கா வரிசைல கடைசில வந்து நின்னா, சங்கு ஊதிட்டான்."

"அப்புறம்?"

"அப்பால இன்னா. உன்ன உள்ள தள்ளிட்டு நான் வெளிய நின்னுகினு இருந்தேன். சிவப்பு போட்டுட்டுதான் உள்ள உட்டான்."

எட்டு வருடத்தில் அவன் எண்ணுக்கு நேரே விழுந்த முதல் சிவப்பு மை அது. அவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதே வருடம் லேபர் ஆபீசர் என்று புதிதாக ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை, எங்களைப் பார்த்து முதலில் வணக்கம் சொன்ன முதல் அதிகாரி அவர்தான். அடித்து வேலை வாங்குகிற காலம் போய்விட்டது, நல்ல குணத்தைக் கண்டு கௌரவித்தால் உழைப்பு தானே பெருகும் என்பது அவர் படித்துவந்த பாடம். வருடம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறாமல், ஒரு நாள்கூடத் தாமதமாகாமல் வந்தவனைத் தேர்ந்தெடுத்துப் பரிசு தருவதாக அறிவித்தார். கூடவே இன்னொன்றும் அறிவித்தார்: இந்த வருடத்திலிருந்து எண்ணி மூன்று சிவப்பு சேர்ந்தால் வேலை இல்லை.

வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை எழுந்தது. வெள்ளையில் நீல எழுத்து: நாணயமுள்ள தொழிலாளி நம் நிறுவனத்தின் செல்வம்.

படிக்கத் தெரிந்தவன் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள்.

"நாணயம் கீற தொயிலாளியா? எவன்கிட்ட கீது? ஜோபிய தட்டிப் பாருங்கடா."

"நம்மளாண்ட இருந்தா நாம ஏன் இங்க வரோம்."

நேர்மையைத்தான் ஆபீசர் எழுதினார். காசைத்தான் எங்கள் ஆட்கள் படித்தார்கள்.

வருட முடிவில் ஏட்டைப் புரட்டினார்கள். பக்கத்து மேசைக்காரனின் எண்ணுக்கு நேரே ஒரே ஒரு சிவப்பு. ஒரு சிவப்பும் இல்லாத எண் தொழிற்சாலை முழுக்க ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது.

பரிசு ஒரு வெள்ளை வில்லை. நிக்கல் பூசியது, பித்தளையைவிடப் பெரியது, சட்டைப் பையில் குத்திக்கொள்ளச் சின்னச் சங்கிலியோடு. அதை அணிந்தவன் இனிமேல் பலகைக்கும் பெட்டிக்கும் போகவேண்டியதில்லை. சங்குக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. பெரிய சாலையிலிருக்கும் ஆபீஸ் வாசல் வழியாக, குமாஸ்தாக்களோடு எட்டு மணிக்கு வரலாம்; வந்ததை அங்கே ஒரு குமாஸ்தா ஏட்டில் குறித்துக்கொள்வார். நம்புகிறோம் என்று அர்த்தம், என்றார் ஆபீசர். என் நெஞ்சில் அதை அவரே குத்திவிட்டார். மனப்பூர்வமாகத்தான் செய்தார்.

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேசை நண்பனைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"இது உன்னுது. நான் போய்ச் சொல்லிடறேன்."

"இன்னான்னு?"

"மூணு நாளு நான் வரலன்னு."

அவன் டிபன் தூக்கின் மூடியைப் பொறுமையாக மூடினான்.

"நீ வரல. செரி. அப்ப உன் வில்லைய போட்டது யாரு? அத்தயும் கேப்பான்ல. நீ நாணயமா பூடுவ. நான் வூட்டுக்குப் பூடுவேன். சம்சாரம் முழுகாம கீது நைனா. கம்முனு கெட."

கம்மென்று கிடந்தேன்.

உண்மையைச் சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் அவனுடைய கௌரவம் என் சட்டையில் தொங்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் பார்த்த அந்த நுரைக்குள் நானே போய் நின்றிருந்தேன்.

பலகையில் என் ஆணி காலியாகிவிட்டது. இனி என் வில்லையை யாரும் எனக்காகப் போட முடியாது. நான் யாருடையதையும் போட முடியாது, என் வழி அந்தப் பெட்டி இருக்கும் சந்துக்கே போவதில்லை. முதலில் விளையாட்டாகத்தான் கூப்பிட்டார்கள்: "இன்னா நாணயம், நாஷ்டா ஆச்சா?" பிறகு விளையாட்டு கழன்றுகொண்டது, பெயர் மட்டும் நின்றது. நான் மேசைக்கு வந்தால் பேச்சு ஆசிட் புகைக்குள் மறைந்துகொள்ளும். ஒருநாள் ஒருவன் என்னை "சார்" என்றான். வைதிருந்தால் திருப்பி வைதிருப்பேன். சாருக்கு என்ன பதில் சொல்ல?

கோடையில் திடீர் மழை கொட்டிய ஒருநாள் வழியெல்லாம் தண்ணீர் நின்று, நண்பன் மூச்சிறைக்க ஓடிவந்தும் பெட்டியின் வாய் மூடிவிட்டது. இரண்டாம் சிவப்பு. மற்றவர்களும் அவனோடு சேர்ந்துதான் தாமதம். நான் மட்டும் முந்தைய ரயிலில் வந்துவிட்டிருந்தேன். முன்பானால் நான் வாசலில் இருந்திருப்பேன், போட்டிருப்பேன். அந்த நேரத்தில் நான் ஆபீஸ் வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த காவல்காரன் எனக்கு எழுந்து நின்றான்.

அன்றைக்கே லேபர் ஆபீசரிடம் போனேன். பாதி உண்மையாவது சொல்லிவிடலாம் என்று.

"இந்த வெள்ளை வில்லைக்கு நான் தகுதியில்லைங்க. எடுத்துக்குங்க. பழைய வாசல்லயே வந்துடறேன்."

அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். கண்கள் கலங்கின.

"இதைத்தான் எதிர்பார்த்தேன். தகுதி உள்ளவன்தான் தகுதி இல்லைன்னு சொல்வான். போ, போய் வேலையைப் பார்."

மறுவாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: நாணயத்துக்கு அழகு அடக்கம். நான் தட்டிய கதவை அவர் இன்னொரு செங்கல் வைத்து அடைத்திருந்தார்.

பிறகு அந்தக் காலை. பெரிய சாலையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே மீன்கூடையோடு ஒரு பெண், நண்பனின் அண்ணி, என்னைக் கண்டதும் கூடையை இறக்காமலே நின்றாள்.

"உன்னத்தான் தேடிகினு வரேன். ராத்திரியே வலி எடுத்துச்சு. ஆஸ்பத்திரில கீறாங்க. குறுக்கால கீதாம் கொயந்த. அவன் அங்கியே நிக்கிறான். உன்கிட்ட சொல்லச் சொன்னான்."

"இன்னா சொன்னான்?"

"நைனாகிட்ட சொல்லு, அது போட்ரும்னான். இன்னாத்த போடணும்னு எனக்குத் தெரியாது."

என் சட்டையில் தொங்குவதை அவன் மறந்துவிட்டானா, இல்லை ஒருநாளும் பார்க்கவேயில்லையா? முதல் சங்கு ஊதியது. மற்றவர்களுக்குச் சேதி போயிருக்காது. மூன்றாம் சிவப்பு அவன் எண்ணுக்கு நேரே மையைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தது.

மதிலைச் சுற்றி ஓடினேன். சந்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள். பலகையில் இரண்டு மூன்று வில்லைகள்தான் மிச்சம். பெட்டியின் பக்கத்தில் அதே வாட்ச்மேன், கைகளையே பார்க்கிறவன். என்னைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இன்னா சார், இந்தப் பக்கம்? ஆபீசர் அனுப்பினாரா?"

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு."

"எல்லாம் ஒயுங்கா நடக்குது சார். ஒரு தப்புத்தண்டா கெடையாது."

பேசிக்கொண்டே ஆணியிலிருந்து நண்பனின் வில்லையை எடுத்தேன், பெட்டியில் போட்டேன். பித்தளை மேல் பித்தளை விழுகிற சத்தம் கேட்டது. அவன் என் கையைப் பார்க்கவே இல்லை. என் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை வில்லை வெயிலில் மின்னியது.

இரண்டாம் சங்கு. மதிலைச் சுற்றி ஆபீஸ் வாசலுக்குப் போக இனி நேரமில்லை. போகவும் தோன்றவில்லை. எட்டு மணிக்குள் அந்த வாசலில் என்னைக் காணாவிட்டால் குமாஸ்தா எனக்கு நேரே சிவப்பைப் போடுவார். சட்டையிலிருந்து இந்த வெள்ளை வில்லை இறங்கும். அந்த எண்ணமே பசி மாதிரி எடுத்தது. தொழிலாளர் வாசல் வழியாக உள்ளே போனேன்.

நண்பனின் மேசைக்குப் போய் என் சட்டையைக் கழற்றி அவன் ஆணியில் மாட்டினேன், வெள்ளை வில்லை சுவரைப் பார்க்கும்படி. பனியனோடு அவன் டின்னை எடுத்தேன். எதிர்மேசைக்காரன் பார்த்தான். அவன் பக்கத்திலிருந்தவன் பார்த்தான். மேஸ்திரி வந்தான்.

"எங்கடா இந்த மேசைக்காரன்?"

"கக்கூஸுக்கு" என்றது எதிர்மேசை.

மேஸ்திரி போனதும், மாதக்கணக்கில் என்னோடு பேசாத அந்த ஆள், தலையைத் தூக்காமல் சொன்னான்: "ஆசிட்ட இப்டி தள்ளு மாமு."

தள்ளினேன். என் மேசையில் இருந்த தகரங்களை அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அன்று முழுக்க என் மேசை வெறிச்சோடிக் கிடந்தும் டின் குறையவில்லை.

மாலையில் ஏட்டைப் பார்க்க ஆபீஸ் வாசலுக்குப் போனேன், தண்டனையை வாங்கிக்கொள்ளப் போகிறவனைப் போல, பரபரப்போடு. என் எண்ணுக்கு நேரே நீல மையில் அழகாக ஒரு கோடு: வந்தார்.

"நான் காலைல இந்த வழியா வரலைங்களே" என்றேன் குமாஸ்தாவிடம்.

அவர் பேனாவை மூடினார். "நீங்க வராம இருப்பீங்களா? உங்களுக்கெல்லாம் மாசம் பொறந்ததும் மொத்தமா போட்டு வெச்சுடுவேன். விளையாடாதீங்க."

அந்த மாதம் முழுவதும் கட்டம் கட்டமாக நீலக் கோடுகள். இன்னும் விடியாத நாட்களிலும் நான் வந்திருந்தேன். எண்ணூருக்குப் போய் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாலும் நான் வந்திருப்பேன். செத்துப்போனாலும் மாதக் கடைசிவரை வந்துகொண்டிருப்பேன்.

வெளியே வந்தபோது சாலைக்கு எதிர்ப்புறம் நண்பன் நின்றுகொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, சட்டை கசங்கி. பெண் குழந்தை, இருவரும் பிழைத்துவிட்டார்கள் என்றான். அப்புறம் என் நெஞ்சைக் காட்டினான்.

"என்னுத போட வந்ததுல இத்த கயட்டிட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"கழட்ட மாட்டேங்கறாங்க மாமு."

"செரி உடு. இன்னும் ரெண்டு நாளு நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்." மறுபடி என் நெஞ்சைப் பார்த்தான். "வாட்ச்மேன் உன் கைய பாக்க மாட்டான், இல்ல?"

பார்க்கமாட்டான் என்றேன்.

மறுநாள் காலை அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது பலகையின் அருகே இன்னும் இருவர் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருவனுக்கு அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். இன்னொருவன் காரணம் சொல்லவில்லை. ரயில் பாதைப் பக்கமே, வடக்கே போகிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வையை நான் அறிவேன். அவன் வில்லையைத்தான் முதலில் போட்டேன்.