மாமாவுக்கு அம்மா எழுதியது

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வாள். அதன்மேல் நீல நிற இன்லேண்ட் கடிதத்தை விரித்து, உதடுகள் அசைய எழுதத் தொடங்குவாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்து குண்டு குண்டாக இருக்கும். அந்த நேரத்தில் நானோ தங்கையோ கூப்பிட்டால் அவள் காதில் விழாது. கடிதம் சேலம் ஜெயிலுக்குப் போகும். அங்கே இருந்தவர் அவளுடைய ஒரே தம்பி, எங்கள் மாமா. என் அப்பாவைக் கொன்றதற்காக உள்ளே இருந்தார்.

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் அம்மாவுக்குத் தாய்வீட்டில் பிரித்துக் கொடுத்த நிலம் இருந்தது. அடுத்த துண்டு மாமாவுடையது. இரண்டுக்கும் ஒரே கிணறு. ஓசூரிலிருந்து கம்பெனிகளுக்கு இடம் தேடிப் புரோக்கர்கள் வரத் தொடங்கியபோது அப்பா விற்றுவிட்டு டவுனுக்குப் போய்விட நினைத்தார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு காலையில் கிணற்றடியில் பேச்சு முற்றி, கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பிக் காம்பால் அடித்தார். அப்பா கல்லின்மேல் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. மாமா தானே நடந்துபோய்ப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துகொண்டார். நிலம் பிறகு எங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. இன்று அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. லாரிகள் வந்து போகின்றன.

அம்மா கடிதம் எழுதுவது தெரிந்ததும் அப்பா வழிச் சொந்தங்கள் எங்கள் வீட்டுப் படி மிதிப்பதை நிறுத்தினார்கள். புருஷனைக் கொன்றவனுக்கே கடுதாசி எழுதுகிறாளே, இவளும் ஒரு பொம்பளையா என்று பெரியப்பா சந்தையில் நின்று பேசினார். அம்மா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அவள் தம்பியை மன்னித்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்காக அவளை வெறுத்தேன்.

தபாலில் போடக் கொடுத்த கடிதம் ஒன்று சரியாக ஒட்டாமல் இருந்தது. வழியில் பிரித்துப் படித்தேன். திட்டு இல்லை, அழுகை இல்லை. “அன்புள்ள தம்பிக்கு, பெரியவள் வயசுக்கு வந்துவிட்டாள். குடிசை கட்டத் தாய்மாமன் எங்கே என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கட்டினார். அவள் அப்பா இல்லாததால் ஒரு புதுப் பாவாடைதான் எடுக்க முடிந்தது. அதுவும் அவளுக்கு நீளம். ராத்திரி அவள் அப்பாவைக் கேட்டு அழுதாள். உடம்பைப் பார்த்துக்கொள்.” அவ்வளவுதான். நான் அழுதது அம்மாவுக்குத் தெரியும் என்பதே அந்தக் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

மாமா ஒரே ஒரு பதில் போட்டார். திட்டி எழுது அக்கா, தாங்கிக்கொள்கிறேன். இப்படி மட்டும் எழுதாதே, உன் கடிதம் வருகிற அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று கெஞ்சியிருந்தார். அம்மா அதை இரண்டு தரம் படித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தில் மடிக்கும் ஓரங்களில்கூட இடம் மிச்சமில்லை.

எங்களுக்கு நடந்ததெல்லாம் அப்படியே அங்கே போனது. தங்கைக்கு வந்த காய்ச்சல், வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறியது, நான் படிப்பை விட்டு ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போனது. முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். “இத எழுதோணும்” என்றாள். என் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. யார் யார் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு எழுத நிறைய இருந்தது.

போன வருடம் மாமாவை விடுதலை செய்தார்கள். ஓசூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. படியேறாமல் கீழேயே நின்றார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, எல்லாக் கடுதாசியும் படிச்சேன்.”

“படிக்கத்தான் எழுதுனேன்.”

அவர் குனிந்து அவள் காலைத் தொடப் போனார். அம்மா கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். “நீ உள்ள இருந்த வரைக்கும்தான்டா எனக்குத் தம்பி. இனிமே இங்க வராத” என்றாள். குரல் உயரவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் கூடப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ராயக்கோட்டை பஸ்ஸுக்காக நின்றபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “உன் பையனுக்கு மூச்சு எளப்பு இப்போ பரவாயில்லையாம்மா? நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா உனக்குத் தலவலி வருமாமே, அது நின்னுச்சா?”

என் தலைவலியைப் பற்றி அம்மா என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. என் வாழ்க்கை முழுவதையும் அவள் எழுதிப் படித்தவர் இந்த ஒரு மனிதர்தான். அப்பாவை எடுத்துக்கொண்டவர், அம்மாவையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். பஸ் வந்தது. ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கீரையைக் கடைந்து வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், “ஏறிட்டானா?” என்றாள்.

“ஏறிட்டாரு.”

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். தலை வலித்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.