திருகின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

அக்கா நகத்துக்குச் சாயம் பூசி நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவள் கைப்பையில் எத்தனையோ வருடங்களாக ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் கிடக்கும். தீர்ந்தால் உடனே புதிது வாங்குவாள். "யாருக்குடி இந்த அலங்காரம்?" என்று அம்மா கிண்டல் செய்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் வேலை பார்க்கும் ரிப்பேர் கடைக்கே நானும் ரசீது எழுதப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. சரிசெய்து முடித்த ஒவ்வொரு பொருளிலும், கடைசித் திருகின் தலையில் கடுகளவு சிவப்புப் புள்ளி வைப்பாள். அது அவள் கையெழுத்து.

வேறு எங்கே அவள் கையெழுத்துப் போட முடியும்? கடைக்காரர் அவளைத் திரைக்குப் பின்னால்தான் உட்கார வைத்திருந்தார். "பொம்பள கை வச்சதுன்னு தெரிஞ்சா எவன் சாமானைக் குடுப்பான்?" என்பார். சட்டைப்பையில் அடங்கும் பாட்டு பிளேயரில் பட்டன் அமுங்கவில்லை என்றால், மற்ற கடைகளில் "போர்டே போச்சு, புதுசு வாங்குங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அக்கா பட்டனுக்கு அடியில் இருக்கும், மிளகை விடச் சிறிய தகரக் குமிழை எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஊசிமுனையால் நிமிர்த்தி வைப்பாள். 'டிக்' சத்தம் திரும்பி வந்துவிடும். வாடிக்கையாளர் பாராட்டினால் கடைக்காரர், "எல்லாம் கைப்பழக்கம் சார்" என்று தன் கையையே பார்த்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பார்வை இல்லாத டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். பட்டன் வைத்த பிளேயரைத்தான் அவரால் தடவி இயக்க முடியும். அதன் பிளே பட்டனை முன்பு அக்காதான் சரிசெய்திருந்தாள். பிறகு ஒலியைக் கூட்டும் பட்டன் மக்கர் செய்தது. அன்று அக்கா காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். கடைக்காரர் தானே திறந்து, அவசர அவசரமாக மூடிக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மறுவாரம் ஆபரேட்டர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? குறைக்கலாம்னு அமுக்கினா காதுக்குள்ள இடி விழுது!"

கடைக்காரர் கொஞ்சமும் கூசவில்லை. "உள்ள ஒரு பொண்ணு இருக்கு சார். அது பண்ண கூத்து. இன்னியோட வேலைய விட்டு அனுப்பிடறேன்."

நன்றாக வந்ததெல்லாம் அவர் கை, கெட்டது மட்டும் அந்தப் பொண்ணு! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் குனிந்து ரசீது எழுதுவது போல் பாவனை செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

திரை விலகியது. அக்கா வெளியே வந்தாள்.

"சார், பின்பக்கம் கீழ்த் திருகைத் தொட்டுப் பாருங்க. மேடா ஏதாவது தட்டுதா?"

அவர் தடவினார். "இல்லையேம்மா. போன தடவை இருந்துச்சே! அழுக்குன்னு சுரண்டிக்கூடப் பாத்தேன், போகல."

"அது நான் வச்சது. திருகைக் கழட்டினா உடைஞ்சிடும்; நான் மூடினா மறுபடி வைப்பேன். இதை மூடினது நான் இல்ல."

ஆபரேட்டர் கடைக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எனக்குக் கண்ணு தெரியாது, சரி. புத்தியும் இல்லைன்னு யாருங்க சொன்னது?"

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. "சரி சரி, எடுத்துட்டு உள்ள போம்மா."

"இங்கதாங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

அக்கா முன்மேஜையிலேயே உட்கார்ந்து திறந்தாள். கூட்டவும் குறைக்கவும் ஒரே ரப்பர் பட்டைதான். அது தலைகீழாக இருந்தது; விரலில் தட்டும் கூட்டல், கழித்தல் குறிகள் இடம் மாறியிருந்தன. திருப்பிப் போட்டு மூடி, புள்ளி வைத்தாள். அது காயும்வரை ஆபரேட்டர் காத்திருந்து, தொட்டுப் பார்த்த பிறகே பிளேயரைப் பையில் போட்டார். "இனிமே இந்தப் புள்ளி இல்லாம வாங்க மாட்டேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் எப்படி அவளை அனுப்புவார்?

இப்போது அக்காவின் மேஜை வாசலோரம் இருக்கிறது. "எங்க கடையில லேடி டெக்னீஷியன்" என்று கடைக்காரர் பெருமையடிக்கிறார், ஏதோ அவர் யோசனை மாதிரி. கடைப் பெயர்ப்பலகையில் இன்னும் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.