கண்ணாடி அலுமாரிக்குள் விஞ்ஞானம்

வியாழக்கிழமைகளில் என் மகள் புத்தகப் பையில் கத்தி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். கொண்டுவரச் சொன்னதே அவளுடைய ஆசிரியைதான். நோர்வேயில் இதற்கு 'ஊத்தெஸ்கூலெ' என்று பெயர். வகுப்பறைக்கு வெளியே படிப்பது. எட்டு வயதுப் பிள்ளைகள் காட்டுக்குள் உட்கார்ந்து மரம் சீவுகிறார்கள், ஓடைத் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்க்கிறார்கள். போன மாதம் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஆசிரியை என்னிடமும் ஒரு வெப்பமானியை நீட்டினாள். நான் என்னையறியாமல் கைகட்டி நின்றேன். எனக்குக் குளிர்கிறதாக்கும் என்று நினைத்து, பாவம், தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள். 'தக்' என்று நன்றி சொல்லிப் போட்டுக்கொண்டேன். அவளுக்கு எதைச் சொல்லி விளங்கவைப்பது?

இலங்கை மலையகத்தில், எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் கைகட்டித்தான் விஞ்ஞானம் படித்தோம். வெப்பமானி, தராசு, உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்திலும் இருந்தன, பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள். ஏதாவது உடைந்தால் பள்ளிக்கூட அதிபர்தான் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் கல்விக் கந்தோர் அதிகாரிகளின் ஜீப் மலையேறி வரும் நாளில் மட்டும் அவற்றை எடுத்துத் துடைத்து மேசையில் வைப்பார். நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். ஜீப் இறங்கியதும் மறுபடியும் பூட்டு. மற்ற நாட்களில் "தூய நீர் நூறு பாகையில் கொதிக்கும்" என்று கூட்டமாகக் கத்திப் பாடமாக்குவோம். மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்குக்கூட அது கேட்கும்.

என் அக்கா சரசு அப்படிக் கத்தியே சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு விசேட சித்தி எடுத்தாள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே கொண்டாடியது. உயர்தரம் படிக்க மாத்தளை நகரத்துக்குப் போனாள். முதல் வாரமே ஆய்வுகூடத்தில் அவள் கையில் வெப்பமானியைக் கொடுத்துக் கொதிநீரை அளக்கச் சொன்னார்கள். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நடுங்கி நடுங்கியே கீழே போட்டுவிட்டாள். பாதரசம் சிமெந்துத் தரையில் உருண்டு ஓடியது. இவள் முழங்காலில் விழுந்து அதை விரலால் பொறுக்கப் பார்த்திருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம்.

"பொறுக்கிக் குடுத்துட்டா ஏச மாட்டாங்கன்னு நெனச்சேன்டி. அது கைக்கு வரவே இல்ல" என்று சொல்லி அழுதாள்.

இனிப் போகவே மாட்டேன் என்றவளை அப்பா கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். அதற்குள் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது, தமிழர் கடைகளோடு நகரம் எரிந்தது. அதன் பிறகு பெண்பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்ற யாருக்குத் துணிவு வரும்? அக்கா கொழுந்துக் கூடையை எடுத்தாள், இன்னும் இறக்கவில்லை.

பள்ளிக்கூடங்களைத் திருத்த எத்தனையோ திட்டம் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்த திட்டம் ஒன்றுதான்: பூட்டைத் திறந்து விடுங்கள், பிள்ளைகள் உடைக்கட்டும். உடைத்த பிள்ளையிடம் "ஏன் உடைந்தது?" என்று கேட்டால் அதுவும் ஒரு பாடம்தானே. இதைச் சொன்னால் எனக்கு வெளிநாட்டுக் கொழுப்பு என்கிறார்கள். இருக்கட்டுமே!

நோர்வேயில் இருக்கும் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து எங்கள் எல்கடுவப் பள்ளிக்கூடத்துக்குக் கணினிகள் வாங்கிக் கொடுத்தோம். போர் நின்று சமாதானப் பேச்சு நடந்த நாட்களில் நான் ஊருக்குப் போனேன். அக்காவின் மகள் கலா அப்போது பத்தாம் வகுப்பு.

"கம்பியூட்டர வந்த நாள்லேருந்து பூட்டியே வச்சிருக்காங்க. ஒனக்காவது தொறப்பாங்க. இவ ஒரு தடவையாவது தொட்டுப் பாக்கட்டும். நா பட்டது இவளுக்கும் வரக் கூடாது" என்றாள் அக்கா.

எனக்குத் திறந்தார்கள், மாலையும் போட்டார்கள். கணினிகள் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் வெளி விறாந்தையில் கைகட்டி நின்றார்கள். கலாவும் அந்த வரிசையில்தான்.

"சேர், இவங்களையும் உள்ள விடுங்களேன்" என்றேன்.

"ஐயோ மேடம், ஒடச்சுப்புடுவாங்க. நீங்க குடுத்த சாமான் இல்லையா, கண்ணுல வச்சுப் பாத்துக்கிறோம்" என்றார் புது அதிபர். நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் கொடுமை.

என்னோடு வந்து விறாந்தைக் கோடியில் நின்றுகொண்ட அக்காவின் குரல் வந்தது. "ஒடஞ்சா ஒடையட்டும் சேர்! புள்ளைய விட அது பெருசா?"

அவள் பகிடி விடுவதாக நினைத்து அதிபர் சிரித்தார். என்னைக் கணினி முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். நான் மேலும் இரண்டு தடவை கேட்டேன். "அடுத்த தவணை பாப்போம் மேடம்" என்றபடி என்னை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினார்.

அக்கா தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். சின்னம்மா என்று ஓடி வந்து கட்டிக்கொள்கிற கலா, வரிசையை விட்டு அசையாமல், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து என்னைப் பார்த்து ஒரே குரலில் சொன்னாள்: "நன்றி மேடம்."