நாலாவது சரணம்

என் கடை மேசையின் கீழ் இழுப்பறையில், ஸ்க்ரூ டிரைவர்களுக்கும் பழைய கேபிள்களுக்கும் நடுவே, நாலாக மடித்த ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. நைந்துபோன மல் துணி. நடுவில் மட்டும் கோடு கோடாகப் பழுப்புக் கறை. கடையைக் கூட்ட வரும் பெண் ஒருநாள் அதை மேசை துடைக்கும் துணி என்று நினைத்து எடுத்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் வாசற்படி ஏறிய வாடிக்கையாளர் அப்படியே இறங்கிப் போய்விட்டார். ஒரு கந்தல் துணிக்கு இந்த மனுஷன் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று அவள் நினைத்திருப்பாள். அதைக் கொண்டுவந்தவர் டீச்சரம்மா. அவரைப் பற்றிச் சொன்னால்தான் துணியைப் பற்றிச் சொல்ல முடியும்.

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பிழைப்பைத் தாண்டி ஒரு கிறுக்கும் உண்டு. மற்றவர்கள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட டிரைவ்களை ரேணிகுண்டா காயலான் கடைகளில் தேடி எடுத்து வந்து, படிக்க முடியாத டிஸ்க்குகளைப் படித்துக் காட்டுவேன். இன்றைக்கு ஒரு பென் டிரைவை எந்த மெஷினில் செருகினாலும் திறக்கும். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு டிஸ்க்கை வட்டம் வட்டமாகப் பிரித்து, தன் இஷ்டத்துக்கு எழுதிவைத்தது. எந்த மெஷின் எழுதியது என்று கண்டுபிடிக்காத வரை உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்தான். கண்டுபிடிப்பதில் எனக்கு அசாத்தியக் கர்வம். எழுதியது என்று ஒன்று இருந்தால் அதைப் படிக்க ஒரு வழியும் இருக்கும் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீச்சரம்மா சித்தூரிலிருந்து வந்தார். மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி, கையில் ஒயர் கூடை. கூடையிலிருந்து அந்தத் துணிப் பொட்டலத்தை எடுத்து, பச்சைக் குழந்தையை இறக்குவதுபோல என் மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு ஃப்ளாப்பி டிஸ்க். உள்ளங்கையை விடப் பெரிய, சதுரமான, வளையக்கூடிய கறுப்பு உறை. உறையில் நீள்வட்டமாக ஒரு ஜன்னல். ஜன்னலில் பழுப்பு வட்டு. நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் இந்த வயது டிஸ்க்குகளில் பூஞ்சணம் பூக்காமல் நான் பார்த்ததே இல்லை. இது பளபளவென்று இருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறீர்களே என்று வாய்விட்டுப் பாராட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. 

"எம் பொண்ணோடது நைனா," என்றார். "அவ எழுதின பாட்டு இதுல கீது."

மகள் ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தாள். வெளிநாட்டிலிருந்து யாரோ நன்கொடையாகக் கொடுத்த மெஷின் ஒன்று அங்கே இருந்தது. கடிதம் அடிப்பதற்கென்றே செய்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அதில் உட்கார்ந்து, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, சபைப் பாடகர் குழுவுக்குக் கிறிஸ்மஸ் பாட்டு எழுதினாள். மெட்டும் அவளுடையதே. ஒரே ஒரு கிறிஸ்மஸில் பாடினார்கள். அடுத்த கிறிஸ்மஸ் வருவதற்குள் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. அச்சடித்துக் கொடுத்த தாள்கள் கரையானுக்குப் போயின. மெஷின் எந்த இரும்புக் கடைக்குப் போனதோ தெரியவில்லை. அலுவலகத்துப் பெண் ஒருத்தி சாவு வீட்டில் கொண்டுவந்து கொடுத்த இந்த டிஸ்க் மட்டும் மிஞ்சியது.

பல்லவியும் முதல் சரணமும் டீச்சரம்மாவுக்கு மனப்பாடம். மேசை விளிம்பில் விரலால் தாளம் போட்டு எனக்குப் பாடிக் காட்டினார். 'கொட்டகையில் விளக்கில்லை, குழந்தைக்குக் குளிரில்லை' என்று தொடங்கும். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு சரணம் உண்டு என்றார். மெட்டு இருக்கிறது, வார்த்தை இல்லை. வாய் மூடி ராகத்தை மட்டும் முனகினார். பாடகர் குழுவில் பாதிப் பேர் கல்லறையில். மீதிப் பேருக்கு ஞாபகமில்லை.

"என் அடக்கத்துல இத்த முழுசா பாடணும், அவ்ளோதான்," என்றார். "பாதியில நிறுத்தினா அவ கோச்சிக்கினு மூஞ்ச திருப்பிக்குவா. சின்னதுலயே அப்படித்தான்."

நான் வேலையில் இறங்கினேன். சாதாரண டிஸ்க்கில், வட்டு எங்கே தொடங்குகிறது என்று காட்ட நடுவட்டத்தின் அருகே ஒரு சின்னத் துளை இருக்கும். இதை உறைக்குள் மெல்லச் சுழற்றினால் துளைக்குப் பின் துளையாக வந்தது. இப்படித் துளைகளாலேயே வட்டைக் கூறு போட்ட மெஷின்கள் சொற்பம் என்பதால் எனக்குக் கொண்டாட்டம். டிரைவை ஒரு சின்ன சர்க்யூட் பலகையில் மாட்டி, வட்டில் பதிந்த காந்தத்தின் ஏற்ற இறக்கங்களை அப்படியே லேப்டாப்பில் இறக்கினேன். வந்தது எனக்குத் தெரிந்த எந்த வகையிலும் அடங்கவில்லை. நடுநடுவே நீள நீளமாக மௌனம். அங்கங்கே கொஞ்சம் துடிப்பு. படங்களைப் பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடும் இணையக் குழுக்களில் போட்டேன். எங்கெங்கோ இருக்கும் கிழவர்கள் ஆளுக்கொரு மெஷின் பெயரைச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இது நான் பார்த்ததிலேயே அபூர்வமான வகை என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். காலியாக இருந்ததைப் புதிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

டீச்சரம்மா அடிக்கடி வந்துபோவார். காலை பஸ்ஸில் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, என் திரையையே பார்ப்பார். கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார். போகும்போது மட்டும், "பர்வாலேது நைனா, மெதுவா பாரு," என்று தெலுங்கும் தமிழுமாக எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். மூச்சு வாங்குவது ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒரு கிழவர் சரியான பெயரைச் சொன்னார். அந்த மெஷினின் முறையைப் போட்டதும் துடிப்புகள் எழுத்துகளாகத் திரண்டன. டீச்சரம்மாவுக்குப் போன் செய்து கத்தியே விட்டேன். கமலா ஆரஞ்சு ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு அன்றே வந்துவிட்டார். அவர் பக்கத்தில் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று நானும் காத்திருந்தேன். பல்லவியும் முதல் சரணமும் இருந்த இடம் காலி. பிறகு திரையில் வரிசையாக வந்தது: charanam 2. அதன் கீழே வெற்றிடம். charanam 3. வெற்றிடம். charanam 4. பிறகு ஒன்றுமே இல்லை.

டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நாலா?" என்றார். "மூணுதானேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நாலாவதாக ஒன்று இருந்ததையே அவர் மறந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பாட்டைத் தேடி வந்தவருக்கு அதைத்தான் நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. அவரிடம் கேட்டுக்கொண்டு உறையின் ஓரத்தை பிளேடால் கீறி, வட்டை வெளியே எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். வெளிச்சம் தெரியவே கூடாது. கிழிந்த கொசுவலை வழியாகத் தெரிவதுபோல வெளிச்சம் தெரிந்தது. மேலே இருந்த பூச்சு பல இடங்களில் இல்லவே இல்லை.

"இன்னா நைனா?" என்றார்.

இந்தப் பழுப்புப் பூச்சில்தான் எழுத்து இருக்கும், பூச்சு உதிர்ந்துவிட்டது என்றேன். அவர் கூடைக்குள் கையை விட்டு அந்தத் துணியை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"இந்தப் பழுப்பா?"

நான் தலையை ஆட்டினேன். அவரே சொன்னார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். அப்போது சுவர்ப் படத்திலிருந்து ஆர்மோனியக் கட்டை வரை எல்லாவற்றையும் இறக்கித் துடைப்பார்கள். அந்த வரிசையில் இதையும் எடுத்து, நடு ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றிச் சுற்றி, ஜன்னலில் தெரியும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட இந்தத் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து வைப்பாராம். "தூசு பட்டா எல்லாம் போயிடும்மான்னு சொல்லிக்கினே இருப்பா. வருஷா வருஷம் பழுப்பா அழுக்கு வரும். எப்படித்தான் உள்ள போவுதோ இவ்ளோ அழுக்குன்னு இன்னும் அழுத்தித் தொடப்பேன் நைனா."

வேறு யாராவது என்றால் காலம்தான் காரணம், வெயில்தான் காரணம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். துணி கண்ணெதிரே கிடக்கும்போது என்ன சொல்வது? மகள் சொன்னதைத் தட்டாமல் செய்த தாய் அவர். கைவிட்டிருந்தால், அட்டைப் பெட்டியில் தூக்கிப் போட்டு மறந்திருந்தால், பூஞ்சணத்தை நீக்கி நாலு சரணத்தையும் எடுத்திருப்பேன். இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அன்பே இல்லாதவர்களின் டிஸ்க்குகளை எத்தனையோ படித்துக் கொடுத்திருக்கிறேன்.

அவர் அழவில்லை. ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது துணியை நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"இது உன் கிட்டயே இருக்கட்டும். இத்தப் படிக்கறதுக்கு எப்பனாச்சும் ஒரு மெஷின் வந்தா, போட்டுப் பாரு."

அதன் பிறகு அவர் வரவில்லை. அடுத்து நான்தான் சித்தூருக்குப் போனேன், அவருடைய அடக்கத்துக்கு. கல்லறைத் தோட்டத்தில் வேப்ப மரத்தடியில் பாடகர் குழு நின்றது. பல்லவியையும் முதல் சரணத்தையும் பாடினார்கள். பிறகு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆர்மோனியம் மட்டும் இரண்டாவது சரணத்தை வாசித்தது, மூன்றாவதை வாசித்தது. அதோடு ஆர்மோனியத்தை மூடப் போனவரிடம் ஓடிப் போய், இன்னொன்று இருக்கிறது ஐயா, இன்னொரு தடவை வாசியுங்கள் என்றேன். யார் இவன் என்று பார்த்தார்கள். அவர் வாசித்தார். வார்த்தை இல்லாத அந்த மெட்டு முடியும்வரை குழியருகே மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றோம்.

இப்போதும் புது டிஸ்க் ஏதாவது வந்தால் வாங்கி வைக்கிறேன். முன்புபோல வாய் நீளுவதில்லை. ஸ்க்ரூ டிரைவர் எடுக்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் துணி கண்ணில் படுகிறது. மீதி மூன்று சரணமும் அதில் இருக்கின்றன, ஓர் எழுத்துக்கூட வெளியே போகவில்லை. கை ஈரமாக இருந்தால் நான் அதைத் தொடுவதில்லை.