சாம்பல் நிற நாடுகள்

நிறம் போட்டு முடித்ததும் தேவிப்ரியா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கண்களைப் பாதி மூடித் திரையைப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தாலும் நிறங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், "ஒண்ணோட ஒண்ணு ஈஷிக்கினு கெடக்குது" என்று முணுமுணுத்து ஒன்றை மாற்றிவிடுவாள்.

சின்னசேலத்தில் ரயில்வே கேட்டை ஒட்டிய வீட்டின் மாடியறைதான் அவளுடைய அலுவலகம். சென்னையிலுள்ள சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு வரைபடங்கள் போட்டுத் தருகிறாள். இப்போது வீடியோ கேம் பெட்டிகள்: உலகின் எந்தப் பகுதியில் எந்தக் கம்பெனிப் பெட்டிக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு. கம்பெனிகளின் பெயரை அவள் சொல்வதேயில்லை; படத்தில் அவற்றுக்குக் கொடுத்த நிறந்தான் பெயர். "நீலம் ஐரோப்பாவுல ஜாஸ்தி, ஜப்பான்ல கம்மி" என்பாள். வட்டப்படம் ஆகாது, "பப்பாளிய அரிஞ்சி வெச்சாப்புல இருக்கும், எது பெருசுன்னே தெரியாது." வடகம் காயவைக்க மாடியேறும் அம்மா செவ்வந்தி, "இன்னாடி, இன்னிக்கு நீலமா செவப்பா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

நேற்றுக் காலை, இணையவழிக் கூட்டம் தொடங்கச் சற்று நேரம் இருக்கையில் மேலாளர் சிவசங்கர் அழைத்தார். வரப்போகிறவர்கள் நீலக் கம்பெனிக்காரர்கள். அவள் போட்ட உலகப் படத்தில் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பானுக்கு நிறம் இருந்தது. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சாம்பலாகக் கிடந்தன.

"பாதி உலகம் செத்த மாதிரி இருக்கும்மா. சாம்பலையெல்லாம் வெளிர்நீலம் ஆக்கிடு."

"சார், அங்கெல்லாம் நீலந்தான் விக்கிதுன்னு ஆயிடும்ங்க."

"யார் கேக்கப்போறா? முடியலன்னா சொல்லு, அன்புச்செல்வன் பண்ணிடுவான்."

அவளைப் போலவே படம் போட்டுத் தரும் அன்புச்செல்வனின் பெயர் வந்தால் அடுத்த வேலை தனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். நிறத்தை மாற்றினாள். நாற்காலியைத் தள்ளினாள், கண்ணைப் பாதி மூடினாள். உலகம் முழுவதும் ஒரே நீலம். மறுபடி சாம்பலாக்கி, கீழே 'விவரம் திரட்டப்படவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

கூட்டத்தில் அந்தப் படம் வந்தவுடன் நீலக் கம்பெனியின் நிர்மலா பேச்சை நிறுத்தினார். "இந்தியா ஏன் சாம்பலா இருக்கு?"

திரையில் சிவசங்கரின் முகம் இறுகியது. "அதை... படம் போட்டவங்களே சொல்லுவாங்க மேடம்."

தேவிப்ரியா மைக்கைத் திறந்தாள்.

"அங்கெல்லாம் யாரும் போயி கேக்கலைங்க மேடம். கேக்காத எடத்துக்கு நான் கலர் குடுத்தா, அத நம்பி நீங்க பெட்டி அனுப்பிடுவீங்க."

வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மொத்தக் கூட்டத்துக்கும் கேட்டது.

"போன வருஷம் அப்படி ஒரு படத்தை நம்பித்தான் அனுப்பினோம்" என்றார் நிர்மலா. "எல்லாம் குடோன்ல கிடக்கு. முதல்ல போய்க் கேட்டுட்டு வாங்க. அப்புறம் கலர் போடுங்க. அந்த வேலையையும் நீங்களே எடுத்துக்குங்க."

"அதுக்காகத்தான் மேடம், வேணும்னே சாம்பலா விட்டோம்" என்றார் சிவசங்கர், சிரித்தபடி.

தேவிப்ரியா மைக்கை மூடினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கண்களைப் பாதி மூடித் திரையிலிருந்த படத்தைப் பார்த்தாள். சாம்பல் தனியாகத் தெரிந்தது.